எல்லப்பன் குடித்திருக்கவில்லை

1

பல்கலைக்கழகத்தின் நெறிக்குழுவிலிருந்து மூன்றாவது தடவையாக அதே கடிதம் வந்திருக்கிறது. என் ஆராய்ச்சியில் பங்கேற்றவர் எண் ஏழு. அவருடைய ஒப்புதல் படிவம் கோப்பில் இல்லை. பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுத மூன்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். மூன்று கோட்டுக்குள் அடங்குகிற காரணமாக இருந்தால் நான் ஏன் மூன்று வருடமாக விழி பிதுங்கிக்கொண்டிருக்கிறேன்?

போன இரண்டு தடவையும் "பங்கேற்பாளர் விலகிக்கொண்டார்" என்று எழுதி அனுப்பினேன். ஏன் விலகினார் என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த நாட்டில் காகிதத்துக்கு வாய் உண்டு. நாம் ஒரு வரி எழுதினால் அது இரண்டு கேள்வி கேட்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் வசந்தா. ஊரப்பாக்கத்தில் பிறந்து, செங்கல்பட்டில் நர்சிங் படித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1998இல் கணவர் சேகரோடும் மகள் நித்யாவோடும் ஒஹாயோ வந்து சேர்ந்தவள். காலை ஆறே முக்காலுக்கு வார்டு. சாயங்காலம் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பு. நடுவில் சமையல், துணி துவைத்தல், பதினாறு வயது மகளின் மூடிய அறைக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடுதல். இந்தக் குறிப்பை நம் பக்கத்துப் பத்திரிகைக்கு எழுத வேண்டிய அவசியம் போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. ஆனால் அதை முதலில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

2

எனக்கு டாக்டர் பட்டத்துக்கு வழிகாட்டி ஹெலன் என்ற பேராசிரியை. அறுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுப் பாடம் சொல்ல வந்தவர். அவரும் அவருடைய தோழி ஒருவரும் சேர்ந்து, மனிதர்கள் சொல்லும் கதைக்கும் அவர்கள் உடல்நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கோட்பாட்டை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாரம் எளிமையானது. நோயாளியிடம் நர்ஸ் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். இப்போது உங்களுக்கு எது பெரிதாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றி வளைக்கட்டும். சொல்லச் சொல்ல, நேற்று நடந்ததும் இன்று வலிப்பதும் அவர் மனத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அப்போது ஓர் ஆசுவாசம் வரும். சிகிச்சையின் பாதி அந்த ஆசுவாசம்தான். ஹெலன் கரும்பலகையில் இரண்டு வட்டம் போடுவார். ஒன்று சொல்பவர், இன்னொன்று கேட்பவர்.

முதல் வகுப்பில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு மணி நேரம் கதை கேட்பதா? அந்த ஒரு மணி நேரத்தில் நான் நாற்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, அழுகிற தாய்மார்களையும் இரண்டு அதட்டு அதட்டி அனுப்பியிருப்பேனே! நம் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எந்த நர்ஸையும் கேட்டுப் பாருங்கள். "கதை சொல்லாத, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

அந்தச் சிரிப்பு வீடு போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. 1994 ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் ஹெலனின் அறைக்குப் போய், எங்கள் கடற்கரையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். கதையைக் கேட்காததால் ஒரு மனிதர் செத்துப்போன சம்பவம். ஹெலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன் ஆராய்ச்சிக்கு இதுதான் நடுத்தூண் என்றார்.

அவரிடம் சொல்லும்போது நான் "ஒரு நர்ஸ்" என்றுதான் சொன்னேன்.

3

அந்த ஒரு நர்ஸ் நான்தான்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. டாக்டர் ஒரு கூட்டத்துக்காகச் செங்கல்பட்டு போயிருந்தார். வராண்டா முழுக்கக் கூட்டம், நான் ஒருத்தி. ஆட்டோவிலிருந்து ஒரு மீனவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கால் பின்னுகிறது, நாக்கு குழறுகிறது, சட்டையெல்லாம் வாந்தி. பின்னாலேயே அவர் மனைவி தேசம்மாள், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு ஓடி வந்தாள்.

என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் ஆரம்பித்தாள். மூன்று நாளாகக் கடலில் சரியான பாடு இல்லை, வலையில் மீன் அதிகம் விழவில்லை என்றாள். முந்தின நாள் கிடைத்த கொஞ்ச நல்ல மீனும் ஏலத்துக்குப் போய்விட்டது என்றாள். இன்றைக்குச் செவ்வாய், நான் விரதம் என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"கதையெல்லாம் வேணாம்மா. எத்தன பாக்கெட்டு சாராயம் குடிச்சாரு? அதச் சொல்லு."

குடிக்கிறதில்லை என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதானே என்று நான் சீட்டை எடுத்து, "குடிபோதை, வாந்தி" என்று எழுதினேன். பெஞ்சில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுத் தடுப்பூசி வரிசைக்குத் திரும்பினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவருக்கு மூச்சு மேலே மேலே வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கினார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் ஏறினேன், தேசம்மாளும் ஏறினாள். வண்டி திருக்கழுக்குன்றம் நோக்கி ஓடும்போதுதான், விட்ட இடத்திலிருந்து அவள் மீதியைச் சொல்லி முடித்தாள். ஏலத்தில் யாரும் எடுக்காத இரண்டு பேத்தை மீன் வலையில் மிஞ்சியிருந்தன. பேத்தை என்பது வயிற்றை உப்பிக்கொள்கிற மீன். குடலிலும் சினையிலும் விஷம். பார்த்துக் கழித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களும் அந்தப் பக்கம் உண்டு. அவரும் தன் கையாலேயே கழித்து, குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டார். செவ்வாய் விரதம் என்பதால் அவள் தொடவில்லை. அரை மணியில் உதடு மரத்துவிட்டது என்றாராம். அப்புறம் விரல். அப்புறம் நாக்கு.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரிவரை போகாமலே உடலை ஊருக்குத் திருப்பினார்கள்.

சீக்கிரம் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் விஷம் இறங்கும்வரை செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்ற முடியும். அந்த வசதி செங்கல்பட்டில் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன்.

இதைவிடக் கேவலமான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் அந்தச் சீட்டு என் மேஜை மேலேயே கிடந்தது. ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் எழுத அரை நிமிஷம் போதும். எழுதினால் ஏன் முதலில் அப்படி எழுதினாய் என்று விசாரணை வரும். நான் அடிக்கவில்லை.

4

ஆராய்ச்சியில் இறந்தவரின் கதையைச் சேர்க்க வேண்டுமென்றால் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். பதினோரு பக்கப் படிவம், கடைசியில் கையெழுத்து அல்லது கைநாட்டு. 2003 ஆடியில் அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பதின்மூன்று வயது நித்யாவும் கூட வந்தாள். வழியெல்லாம் காதில் பாட்டுக் கருவி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைக் காட்டினால், "நைஸ்" என்று ஒரு வார்த்தை.

குப்பத்தில் வீட்டு வாசலில் தேசம்மாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "சிஸ்டரம்மா" என்றாள். ஒன்பது வருடம் கழித்தும் அடையாளம் தெரிந்தது. நித்யாவுக்கும் மலருக்கும் — அன்று இடுப்பில் இருந்த குழந்தைதான், இப்போது பத்து வயது — ஆளுக்கொரு கலர் சோடா வாங்கி வரச் செய்தாள். நான் வெட்கமில்லாமல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். பங்கேற்பாளர் எண் ஏழு, மீனவர், வயது முப்பத்திரண்டு. பணியில் இருந்த ஒரு செவிலியர் அவருடைய நோயின் வரலாற்றை முழுமையாகக் கேட்கவில்லை.

தேசம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இன்னா ஏழு? அவருக்குப் பேரு இல்லியா? அப்புறம், ஒரு நர்சுன்னா யாரு? நீதான?"

நான் தலையாட்டினேன்.

பிறகு அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். அவள் புருஷன் எல்லப்பன் ஒரு காலத்தில் குடித்தவர்தான். சாவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஊர் அம்மன் கோயிலில் எல்லோர் முன்னாலும் கற்பூரத்தை அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். செத்த அன்று என் மேஜையில் கிடந்த சீட்டை ஊர்க்காரர் யாரோ படித்துவிட்டார்கள். குடிபோதை. சத்தியத்தை மீறினான், அம்மன் கொண்டுபோய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு கொடுப்பார்கள். எல்லா மாவையும் ஒரே அண்டாவில் காய்ச்சி ஊரே குடிக்கும். சத்தியம் மீறிய வீட்டு மாவு அந்த அண்டாவில் விழக் கூடாது. ஒன்பது ஆடியும் தேசம்மாள் மாவோடு போய் நின்றாள். ஒன்பது ஆடியும் திருப்பி அனுப்பினார்கள்.

மீன் விஷத்தைப் பற்றி நீ சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதாம். பெண்டாட்டி சொல்கிறாள், கவர்மெண்டு சீட்டு வேறே சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்டார்களாம்.

படிவத்தை என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"நீ எழுதிகினு வந்ததுல நான் கைநாட்டு வெக்கணும். நான் சொல்றத எழுதி நீ கையெழுத்து போட மாட்டியா?"

5

மாமல்லபுரத்தில் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து சேகருக்குப் பேசினேன். அவர் பயந்துபோனார். கிரீன் கார்டு விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, உன் நர்ஸ் உரிமம் இருக்கிறது, உன் தப்பால் ஒருவர் செத்தார் என்று நீயே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அது எங்கே போய் நிற்குமோ என்றார். வாயால் வருத்தம் சொல்லிவிட்டு வா, எழுத்து வேண்டாம் என்றார். நியாயம்தான். வெளியே வந்தபோது கிட்டத்தட்ட சரி என்று முடிவுகூடக் கட்டிவிட்டேன்.

நித்யா கடை வாசலில் நின்றிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. தேசம்மாள் வீட்டில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தமிழ் மறந்துவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்த நர்ஸ் நீயா?"

ஆமாம் என்றேன். ஹெலனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. விடுதிவரை எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தாள். அந்த நாலு அடி என்னைக் கொன்றுவிட்டது. அவள் என்னைவிட்டு விலகிப்போவதற்கு அமெரிக்காவைத்தான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, படகுகள் கரையேறிய பிறகு, நான் கேட்டுக்கொண்டதன்பேரில் கோயிலுக்கு எதிரே வலைக் கொட்டகையில் பஞ்சாயத்தார் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். சுற்றி ஊர். தேசம்மாள் ஒரு ஓரமாக நின்றாள்.

சொன்னேன். தேசம்மாள் பேச ஆரம்பித்ததையும் நான் அடக்கியதையும் சொன்னேன். சீட்டில் எழுதியதையும், உண்மை தெரிந்த பிறகும் திருத்தாததையும் சொன்னேன். ஆம்புலன்ஸில் அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், துளி சாராய வாடை இல்லை, இது நர்ஸாக நான் சொல்வது என்றேன். முழுதாகக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். "ஒம்பது வருசமா எங்கம்மா இருந்த?"

"பயந்துகிட்டு இருந்தேன்யா. வேலை போயிடும்னு."

அவர் தேசம்மாள் நின்ற பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பொம்பள வருசா வருசம் மாவ எடுத்துகினு வந்து நிக்கும். நாங்க அனுப்சி வுட்டோம். நீ பயந்த. எங்களுக்கு இன்னா வந்துச்சு? ஒரு தபா ஒக்கார வெச்சு கேட்டிருக்கலாமே."

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நித்யாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். பெயர், அன்று பார்த்த வேலை, கையெழுத்து, தேதி. ஐந்து பேரும் கீழே சாட்சி போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தேசம்மாள் வீட்டு மாவு அண்டாவில் விழுந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மாவைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தட்டி ஒட்டியிருந்ததையும் உதிர்த்துவிட்டு, வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது என் படிவத்தை நீட்டினேன். எனக்குத்தான் என்ன துணிச்சல்!

"இது இந்த ஊரு வெவகாரம். இங்கியே நிக்கட்டும். உங்க ஊர்ல எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, வழிக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

6

ஆராய்ச்சியிலிருந்து ஏழாம் எண்ணை எடுத்துவிட்டேன். ஹெலனிடம் முழு உண்மையையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உன் வலுவான அத்தியாயம் போகிறதே என்றுதான் வருந்தினார். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதிச் சேர்த்தேன். உங்கள் படத்தில் சொல்பவருக்கு ஒரு வட்டம் இருக்கிறது, கேட்பவருக்கு ஒரு வட்டம் இருக்கிறது. தப்பாக எழுதி வைத்தவளுக்கு வட்டம் எங்கே? கதை சொன்னால் சொன்னவருக்கு ஆசுவாசம் வருமென்கிறீர்கள். ஊர் நம்புகிற காகிதம் வேறு ஒருத்தியின் கையில் இருந்தால், தேசம்மாள் எத்தனை தடவை சொல்லி என்ன பிரயோசனம்? ஹெலனும் அவருடைய தோழியும் இதற்காக என்னோடு ஒரு மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் அந்தப் பக்கங்களை நீக்க வேண்டாம் என்றார்கள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அதற்குள் 2004 டிசம்பர் வந்துவிட்டது. அலை அடித்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நான்கு நாள் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். நித்யாவும் எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள், மலரின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு. ஐந்தாம் நாள் தகவல் கிடைத்தது. தாயும் மகளும் உயிரோடு இருந்தார்கள். வீடு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மலர் போன் செய்தாள். எட்டாவது படிக்கிறாளாம். அம்மா பேசணுமாம் என்று கொடுத்தாள்.

தேசம்மாள் சுற்றி வளைக்கவில்லை. மூன்று குப்பத்து ஆட்களைச் கடற்கரைச் சாலைக்கு மேற்கே புதுக் காலனியில் ஒன்றாகக் குடிவைத்திருக்கிறார்கள். கோயில் புதுசு, பஞ்சாயத்து புதுசு. அந்தப் பெரியவரும் சாட்சி போட்ட இன்னொருவரும் அலையில் போய்விட்டார்கள். மீதிப் பேரை வேறு காலனிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் பழைய பேச்சை எடுத்துவிட்டார், சத்தியம் மீறிச் செத்தவன் வீடு என்று. இந்த ஆடிக்கு மாவு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"டிரங்கு பொட்டில வெச்சிருந்தேன். பொட்டியோட பூட்ச்சு. ஒத்தத் தாளா இருந்தா கடலு எடுத்துகினு பூடுது, சிஸ்டரம்மா. நம்ம பாஷையில, நம்ம பக்கத்து பேப்பர்ல போடு. நூறு வூட்ல கெடக்கட்டும். பேர மறைக்காத. அவரு பேரும் வேணும், உன் பேரும் வேணும்."

சேகரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவரே, எழுது என்றார். தட்டச்சு செய்யும்போது நித்யா ஒரு தடவை வந்து பின்னால் நின்று படித்தாள். எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க நேரமாகும். ஆனாலும் எழுந்து போகவில்லை.

ஆகவே, இது நான் எழுதிக் கொடுப்பது. 1994 ஆடி மாதம் செவ்வாய்க்கிழமை இறந்துபோன எல்லப்பன், தேசம்மாளின் கணவர், மலரின் தகப்பனார், அன்று குடித்திருக்கவில்லை. பேத்தை மீனின் விஷத்தால் இறந்தார். குடிபோதை என்று சீட்டில் எழுதியவள் வசந்தா ஆகிய நான். அது பொய்யான குறிப்பு என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும்.

மாமல்லபுரம் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தேசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மலர் படித்தால், மகள் அப்படித்தான் படிப்பாள் என்பார்கள். வெளியாள் யாராவது ஒருவர் அந்தக் காலனிக் கோயில் வாசலுக்குப் போய், சத்தமாக, கடைசி வரிவரை படித்துக் காட்டுங்கள்.